எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம்?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. வாய் கோணுகிறது. பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். மறுநாளே டாக்டரிடம் கேட்கிறோம்: "ஐயா, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?"

கேட்பதில் தவறில்லை. துணைக்கு இருப்பவருக்குக் கூலி போகிறது. வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் டாக்டரால் உடனே நாள் சொல்ல முடியாது. ஒருவர் 5 நாளில் வீட்டுக்குப் போகிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் 20 நாள் ஆகியும் போகவில்லை. இருவருக்கும் பக்கவாதம்தானே? ஏன் இப்படி?

நோயின் பெயர் ஒன்றுதான். மூளையில் நடந்தது வேறு. பலருக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். பாதித்த இடம் பெரிது என்றால் மூளை வீங்கும். நினைவு தப்பும். அப்படிப்பட்டவருக்கு நாள் கூடும்.

வந்து சேர்ந்த நேரமும் முக்கியம். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக் கசிவு உள்ளவருக்குப் போடக் கூடாது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். புறாவைத் தேடுவதற்குள் ஊசி போடும் நேரம் போய்விடும்! உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று உண்டு. அது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி குறையலாம். "பாவம், வாய் உலர்ந்து கிடக்கிறதே" என்று பிரியமாக ஒரு வாய் காபி ஊற்றுகிறோம். அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடுகிறது. நுரையீரலில் நிமோனியா வருகிறது. 5 நாளில் போக வேண்டியவர் 2 வாரம் படுக்கிறார். உயிரே போகவும் கூடும். ஆகவே நர்ஸ் சோதித்துப் பார்த்துச் சொல்லும் வரை வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம். தேவைப்பட்டால் மூக்கில் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள்.

அசையாமல் படுத்திருந்தால் முதுகில் படுக்கைப் புண் வரும். அதை ஆற்றவே பல நாள் ஆகும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அடங்காவிட்டாலும் டாக்டர் அனுப்பமாட்டார்.

சிலர் உடல் தேறியும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். காரணம், வீட்டில் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. குழாய் வழியே உணவு கொடுக்கத் தெரியவில்லை. இதையெல்லாம் கடைசி நாளில் கற்க முடியாது. முதல் வாரத்திலேயே நர்ஸம்மாவிடம் கேட்டுப் பழகுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள்மூட்டு கெட்டுவிடும்.

செலவுக்குப் பயந்து எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போகிறவர்களும் உண்டு. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அழைத்துப் போகும் முன் இதை விசாரியுங்கள்.

உங்கள் வீட்டில் எத்தனை படி, கழிப்பறை எங்கே, பகலில் யார் இருப்பார் என்று டாக்டர் கேட்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதையும் பார்த்துத்தான் அவர் நாள் குறிப்பார்.