ஒல்லிக்குள் ஒளிந்த கொழுப்பு

லண்டன் டாக்டர் ஜான் யூட்கின், புனே கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இருவருமே பார்வைக்கு ஒல்லி. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு? யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. 2004இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஒப்பீடு, ஒல்லியான இந்தியர்களையும் சர்க்கரை நோய் தாக்கும் புதிரைப் படம்பிடித்துக் காட்டியது.

விடையின் வேர் தாயின் தட்டில் இருக்கிறது. 1993இல் யாஜ்னிக் குழுவினர் புனே அருகே ஆறு கிராமங்களில் ஆய்வைத் தொடங்கினார்கள். கர்ப்பிணிகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசை குறைந்திருந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் சற்றுப் பெரிதாகப் பிறந்தன.

பால், முட்டை, இறைச்சி வழியே கிடைக்கும் பி12 வைட்டமின், கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பற்றாக்குறை. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத போக்கு கூடுதலாகத் தெரிந்தது. சர்க்கரை நோயின் முதல் படி இது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும், 2012இல் தொடங்கிய இன்னொரு ஆய்வில் அவர்களுக்கே பி12 தரப்பட்டது. இலக்கு, அவர்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகள்.

நாற்பது வயதில் சோற்றைக் குறைக்கச் சொல்ல டாக்டர் இருக்கிறார். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தோடு உட்காரும் மருமகளின் தட்டில் கீரையும் பாலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது வீட்டார்தான்.