மருத்துவச் சொற்களின் பொருளும் பொருள் மயக்கமும்

ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது கலைச்சொல்லாக்கத்தின் முதல் விதியாகக் கூறப்படுகிறது. எல்லா அறிவியல் துறைகளுக்கும் இது பொதுவே எனினும், மருத்துவத்திற்கும் உயிரியலுக்கும் இதன் தேவை மிகுதி. வேதியியலார் ஆளும் சொல் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நின்றுவிடும். மருத்துவர் ஆளும் சொல்லோ நோயாளியின் செவிக்கும் சென்று சேர்கிறது. அவர் அச்சொல்லுக்கு எவ்வாறு பொருள் கொள்கிறாரோ அவ்வாறே நடந்தும் கொள்கிறார்.

சொல் பிறந்த காலத்து அறிவு பிழையென்று தெளிந்த பின்னும் சொல் நிலைத்துவிடுவதுண்டு. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயைத் தமனி என்கிறோம். இவ்வடசொல் ஊதுதல் எனும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. 'ஆர்ட்டரி' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லோ மூச்சுக்குழாயையும் குறித்தது. இறந்தோர் உடலில் தமனிகள் பெரும்பாலும் குருதியின்றிக் காணப்படுவதால், அவை காற்றுக் குழாய்களே எனக் கிரேக்க அறிஞர் சிலர் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் அவற்றிலும் குருதியே உள்ளது என நிறுவினார். பெயர் மட்டும் மாறவில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் வழங்குகின்றன. மணிக்கட்டில் விரல் வைத்து நாம் உணரும் துடிப்பு தமனியின் துடிப்பே ஆதலின், நாடி என்பது மாணவர்க்கு எளிதில் பொருள் விளக்கும் சொல் எனலாம். ஆயின் தமிழ்நாட்டார் 'நாளமில்லாச் சுரப்பி' என எழுதுமிடத்து நாளம் என்பது சுரப்புநீரை வெளிச்செலுத்தும் குழாயை மட்டுமே குறிக்கிறது. யாழ்ப்பாணத்து மாணவர் அதனைச் சிரையில்லாத சுரப்பி எனக் கொள்ளக்கூடும். அச்சுரப்பிகளின் இயக்குநீர் குருதியில் கலந்தே செல்வதால், அப்பொருள் உண்மைக்கு நேர்மாறாகிவிடும்!

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் வழியாக மேலை மருத்துவம் கற்பித்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884). அவர்தம் நூல்களில் உடற்கூற்றியல் 'அங்காதிபாதம்' என்றும் வேதியியல் 'கெமிஸ்தம்' என்றும் பெயர் பெற்றன. இவை இன்று வழக்கில் இல்லை. எனினும் அவர் போன்றோர் எதிர்கொண்ட வினா இன்றும் உள்ளது. மூலச்சொல்லில் பொதிந்துள்ள உருவகத்தையும் பெயர்ப்பதா, கருத்தை மட்டும் பெயர்ப்பதா?

மூளையைப் போர்த்தியுள்ள உறைகளின் பெயர்கள் இவ்வினாவுக்குச் சிறந்த சான்றாகும். மூன்று உறைகளுள் வெளியுறை 'டியூரா மேட்டர்', உள்ளுறை 'பையா மேட்டர்'. மேட்டர் என்பது இலத்தீனில் தாய். மூளையின் உறைக்கும் தாய்க்கும் என்ன தொடர்பு? விடை அரபு மொழியில் உள்ளது. ஒன்றோடு மற்றொன்றுக்குள்ள தொடர்பைத் தாய், தந்தை, மகன் எனும் உறவுச் சொற்களால் குறிப்பது அரபு வழக்கு. வழிப்போக்கனை 'வழியின் மகன்' என்பது போல. அவ்வாறே மூளையைப் பொதிந்து காக்கும் உறையை அரபு மருத்துவர் 'உம்மு' என்றனர். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் தாயை உம்மா என அழைக்கிறோமே, அச்சொல்லேதான். 10ஆம் நூற்றாண்டினரான அலீ இப்னு அல்அப்பாஸ் இயற்றிய மருத்துவ நூலை, 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் இலத்தீனில் பெயர்த்தபோது, தடித்த தாய் 'கடினத் தாய்' ஆனாள். மெல்லிய தாயோ 'பரிவுடைய தாய்' ஆகிவிட்டாள். மென்மையென்பது தடிப்பின் குறைவு என்றிராமல் குணமாக மாறிய விந்தை இது.

இலங்கைத் தமிழில் வன்தாயி, மென்தாயி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் வெளியுறை, உள்ளுறை என்பர். முன்னது சொல்லின் வரலாற்றைக் காக்கிறது. பின்னது கேட்ட அளவில் விளங்குகிறது. மருத்துவமனைக்குப் பின்னதே ஏற்றது என்பது என் துணிபு.

இவ்வுறைகளைப் பிரித்தறிவது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உறையில் தோன்றும் நோய் மூளையுறை அழற்சி. மூளையிலேயே தோன்றுவது மூளை அழற்சி. அழல் எனும் தீயிலிருந்து பிறந்த அழற்சி என்பது வெப்பம், சிவப்பு, வீக்கம், வலி ஆகியவற்றை ஒருங்கே உணர்த்தும் நற்சொல். ஆனால் மக்கள் வழக்கில் இரண்டும் மூளைக்காய்ச்சலே. நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இடப்படுகிறது. அது கியூலெக்ஸ் கொசுக்கள் பரப்பும் ஒரு வைரசால் வரும் மூளை அழற்சியை மட்டுமே தடுக்கும். பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சிக்கு அது காப்பாகாது. "மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று" என்றிருக்கும் பெற்றோர், கடுங்காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றைக் கண்டும் காலந்தாழ்த்த நேரலாம். அந்நோயிலோ சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு இடராகும்.

அணு எனும் சொல்லின் மயக்கம் மாணவர்க்கு உரியது. இயற்பியலில் அணு, உயிரியலில் உயிரணு, மரபணு, சிவப்பணு. உயிரணு ஒன்றினுள் கோடானுகோடி அணுக்கள் உள்ளன. மரபணுவோ தனித்த துகளே அன்று. நீண்ட மூலக்கூற்றின் ஒரு பகுதி.

இதய நோய்ச் சொற்களில் மயக்கம் இன்னும் கொடிது. இதயத்தசைக்குக் குருதி வழங்கும் தமனி அடைபடுவதே மாரடைப்பு. அப்போது இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டிருக்கும், நோயாளிக்கு நினைவிருக்கும், அடைப்பை நீக்க வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லல் வேண்டும். இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோதல் அன்று. குருதியைப் போதிய அளவு செலுத்த இயலாத தளர்ந்த நிலை. மருந்துடன் பல்லாண்டு வாழ்வோர் உளர். 'இழப்பு' என்னும் சொல் அவர்களை வீணே அச்சுறுத்துகிறது. இதயத் தளர்ச்சி என்பது தகும். மூன்றாவது, இதயத் துடிப்பு திடீரென நின்றுபோதல். செய்தித்தாள்கள் இதனையும் மாரடைப்பு என்றே எழுதிவிடுகின்றன. இங்குச் செய்யவேண்டுவது வேறு. நினைவிழந்து, இயல்பான மூச்சின்றிக் கிடப்பவருக்கு அருகிலிருப்போர் அவ்விடத்திலேயே மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வரை வலுவாக அழுத்தத் தொடங்கவேண்டும். 108 ஊர்தி வந்து சேரும்வரை அதனை நிறுத்தலாகாது.