தடை உத்தரவே இல்லாமல் தடை செய்யப்பட்ட பேய்கள்

கொல்கத்தாவில் ஒரு பழைய ஜமீன் மாளிகை. விளம்பரப் படம் எடுக்க இடம் பார்க்க வந்த இளைஞனுக்கு, அங்கிருக்கும் ஒருவர் கதை சொல்கிறார். நகரத்தின் பழைய வீடுகளையெல்லாம் இடித்து மால்களும் அடுக்குமாடிகளும் கட்டிவிட்டார்கள். பேய்களுக்குக் குடியிருக்க இடமில்லை. இந்த மாளிகையின் ஜமீன்தார் பேயும் வெள்ளைக்காரத் துரைப் பேயும் இன்டர்வியூ நடத்தி, தகுதியான பேய்களுக்கு மட்டும் இடம் தருகிறார்கள்.

2012 மார்ச்சில் வெளியான 'பூதேர் பபிஷ்யத்' (பேய்களின் எதிர்காலம்) என்ற வங்காளப் படத்தின் தொடக்கம் இது. இயக்குநர் அனிக் தத்தா விளம்பரப் பட உலகிலிருந்து வந்தவர். இது அவருடைய முதல் படம். இன்டர்வியூவில் தேறும் பேய்களைப் பாருங்கள்: 1940-களின் சினிமா நடிகை, கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த அகதி, பீகார் ரிக்‌ஷாக்காரர், கார்கிலில் இறந்த ராணுவ அதிகாரி, ராக் பாடகன். ஒரு நகரத்தின் வரலாறே ஒரு கூரையின் கீழ் ஒண்டிக்கொண்டு, பில்டரின் கையிலிருந்து வீட்டைக் காப்பாற்றப் போராடுகிறது.

வங்காளிகளுக்குப் பேய் புதிதல்ல. பிராமணப் பேய்க்கு ஒரு பெயர், முஸ்லிம் பேய்க்கு ஒரு பெயர், மீனுக்கு அலையும் பேய்க்கு ஒரு பெயர் என்று அவர்கள் ஊர்ப் பேய்களுக்கு சாதி, மதம், நாக்கு ருசி எல்லாம் உண்டு. சத்யஜித் ராய் 1969-லேயே 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் ராஜா, துரை, குடியானவன் என்று வகைவகையாகப் பேய்களை ஆடவிட்டார். அனிக் தத்தா அந்த மரபை உரிமையோடு எடுத்துக்கொண்டார். எதுகை மோனையோடு வரும் வசனங்களிலும் ராயின் சாயல் தெரிகிறது. 'கஹானி' இந்திப் படத்தில் பாப் பிஸ்வாஸ் என்ற கொலைகாரனாக மிரட்டிய சாஸ்வதா சட்டர்ஜி, அதே மாதம் வெளியான இந்தப் படத்தில் ரவுடிப் பேயாக வந்து சிரிக்க வைத்தார். கதை சொன்னவரே எழுபதுகளில் கொல்லப்பட்ட நக்சலைட் என்று தெரியவரும் இடத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். கொல்கத்தா இந்தப் படத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 2014-ல் இந்தியில் 'கேங் ஆஃப் கோஸ்ட்ஸ்' என்று மறுபடி எடுத்தார்கள். ஊரையும் அதன் நினைவையும் கழற்றிவிட்டு எடுத்ததால் அது எடுபடவில்லை.

முதல் படம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து அனிக் தத்தா எடுத்த 'பபிஷ்யதேர் பூத்'தும் பேய்ப் படம்தான். காலாவதியானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பேய்களாகச் சேர்ந்து, இன்றைய அரசியலைக் கேலி செய்கிறார்கள். தணிக்கைக் குழு 2018 நவம்பரில் யு/ஏ சான்றிதழ் கொடுத்தது. அதே மாதம் கொல்கத்தா திரைப்பட விழாவில், வளாகமெங்கும் முதலமைச்சரின் படங்களை வைத்திருப்பதை அனிக் தத்தா மேடையிலேயே கண்டித்திருந்தார். ரிலீஸுக்குச் சில நாள் முன்பு, படத்தை உயர் அதிகாரிகளுக்கு முதலில் போட்டுக் காட்டும்படி போலீஸ் கேட்டது. தயாரிப்பாளர் தரப்பு மறுத்தது. 2019 பிப்ரவரி 15 வெள்ளிக்கிழமை படம் வந்தது. மறுநாளே பெரும்பாலான தியேட்டர்களில் காணாமல் போனது.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது ஒன்றுதான். தடை உத்தரவு என்று ஒரு காகிதம்கூட இல்லை. காகிதம் இருந்தால் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து நிற்கலாம். தியேட்டர்காரர்களோ 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிக் கையை விரித்தார்கள். யாரை எதிர்த்து வழக்குப் போடுவது?

தயாரிப்பு நிறுவனம் சளைக்காமல் உச்ச நீதிமன்றம் போனது. ஏப்ரல் 11-ம் தேதி நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஹேமந்த் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பாதுகாப்பு தருவது அரசின் கடமை, போலீஸ் தன் இஷ்டத்துக்கு இன்னொரு தணிக்கை நடத்த முடியாது என்று தெளிவாகச் சொன்னது. இழப்பீடு 20 லட்சம் ரூபாய், வழக்குச் செலவு 1 லட்சம் ரூபாய், இரண்டையும் மேற்கு வங்க அரசே கொடுக்க வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்புக்குத் துணைநின்ற முன்னோடிகளில் ஒன்று தமிழ்ப் படத்தின் வழக்கு. இட ஒதுக்கீடு பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. எதிர்ப்பு வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையை அடக்கக் கூடாது என்று அன்றே சொன்னது.

பணம் ஓரளவு ஈடாகலாம். ஆனால் ஒரு படத்துக்கு முதல் இரண்டு வாரம்தான் உயிர். அந்த நாட்களில் டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பிப்போன ரசிகர்களை எந்தத் தீர்ப்பும் தியேட்டருக்கு அழைத்துவரவில்லை.