மனவடுவும் ஒரு நாயின் துணையும்

பெரிய வெங்காயச் செய்கையை நேரில் பார்த்துவர வேண்டுமென்று எமது விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆவணி மாதத்தில் 12 பேரை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு நாம் தம்புள்ளைக்குப் புறப்பட்டோம். அனைவரும் போரினால் ஒருமுறையல்ல, மூன்று நான்கு முறை இடம்பெயர்ந்தவர்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி லொறிகள் வந்து போகும் கோலத்தைப் பார்த்தபின், இனாமலுவச் சந்தியால் திரும்பிச் சீகிரியாப் பக்கமாக ஒரு கிராமத்துக்குச் சென்றோம். அங்கே திறமான வெங்காயக்காரர் ஒருவர் இருப்பதாக எமக்குத் தெரிந்த விவசாய உத்தியோகத்தர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் முன்னாள் இராணுவ வீரர் என்பதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

விறாந்தைச் சுவரில் சீருடையுடன் ஒரு படம் தொங்கிற்று. எம்முடன் வந்த ஒரு தாய் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் வானுக்குள் ஏறிக்கொண்டார். 2009ஆம் ஆண்டு மாசி மாதத்துக்குப் பின்னர் தமது மூத்த மகனைப் பற்றிய எந்தத் தகவலும் கிடைக்காதவர் அவர். நாம் அவரைத் தடுக்கவில்லை. மற்றவர்களும் முற்றத்தில் கால் மாற்றி நின்றனர். வெங்காயத்தைப் பற்றி என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மனிதரும் சங்கடப்பட்டார் என்பது தெரிந்தது. அவரது காலடியில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. சாதாரண ஊர் நாய். ஒரு காது கிழிந்திருந்தது. அவர் எழுந்தால் அதுவும் எழும், அவர் இருந்தால் அதுவும் படுக்கும். ஏதாவது பேச வேண்டுமே என்று நாம் அந்த நாயைப் பற்றிச் சிங்களத்தில் கேட்டோம். வெங்காயம் பார்க்கப் போன இடத்தில் ஒரு மணித்தியாலம் நாயின் கதை கேட்க நேர்ந்தது அப்படித்தான்.

சீகிரியாவைச் சுற்றியுள்ள பற்றைக்காடுகளில் யானைகள் உண்டு. இரவில் அவை சேனைக்குள் இறங்கும். அவற்றை விரட்டுவதற்கு விவசாயிகள் யானைவெடி கொளுத்துவார்கள். எமது நாட்டில் யானையால் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் இறக்கின்றனர். ஆகவே வெடி கொளுத்தாதே என்று அயலவனுக்குச் சொல்ல முடியாது. இந்த மனிதர் வடக்கில் பல ஆண்டுகள் களத்தில் நின்று திரும்பியவர். திரும்பி வந்தபின், நள்ளிரவில் பக்கத்துக் காணியில் வெடி கேட்டால் கட்டிலுக்கு அடியில் கிடப்பாராம். ஒருமுறை தட்டி எழுப்பப் போன மனைவியின் கையை முறுக்கிவிட்டார். அதன் பின்னர் மனைவியும் பிள்ளைகளும் குசினியில் படுத்தனர். பகலில் சந்தைக்குப் போவதில்லை. பேருந்தில் ஏறினால் பின் ஆசனத்தில் சுவரோடு இருப்பார். சாராயத்தால் கொஞ்சக் காலம் போயிற்று.

பின்னர் காவற்பரணுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு குட்டி வந்து சேர்ந்தது. வளர்ந்தபோது, யானை வருவதை மனிதர் அறிய முன்னரே அது அறிந்து குரைக்கத் தொடங்கியது. நாய் குரைத்தால் சற்று நேரத்தில் வெடி கேட்கும் என்பது அவருக்குப் பழகிற்று. “சத்தம் வரப்போகுது எண்டு எனக்கு முன்னமே தெரியும். அப்ப உடம்பு பயப்படாது” என்ற பொருளில் அவர் சொன்னார். கெட்ட கனவில் முனகும்போது அந்த நாய் தனது ஈர மூக்கைக் கையில் வைக்குமாம். யாரும் பழக்கவில்லை.

நாயைக் கொண்டு மனநோய்க்கு மருத்துவம் செய்வதாக முன்னர் ஒரு சஞ்சிகையில் வாசித்தபோது, அது பணக்கார நாடுகளின் ஒரு விளையாட்டு என்றே நாம் எண்ணியிருந்தோம். ஊர் திரும்பியதும் தேடி வாசித்தோம்.

போர் முடிந்த பின்னரும் உடலுக்குள் போர் முடியாதிருக்கும் இந்நிலைக்கு மருத்துவர்கள் பல பெயர்களை இட்டுள்ளனர். முதலாம் உலகப் போரில் அதனைக் குண்டதிர்ச்சி என்றனர். வியட்நாமிலிருந்து திரும்பிய படையினரின் அனுபவத்துக்குப் பின்னர், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க உளமருத்துவர் சங்கம் அதனை ஒரு தனி நோயாகத் தனது கைநூலில் சேர்த்தது. எமது மொழியில் மனவடு என்கிறோம். இது சீருடை அணிந்தவருக்கு மாத்திரம் வருவதன்று. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுவதும் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் ஆளான சாதாரணத் தமிழ் மக்களின் மனங்களில் இதே வடுக்களைக் காட்டியிருக்கின்றார். திடுக்கிடுதல், உறக்கமின்மை, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருதல், மக்களை விட்டு விலகுதல், காரணமற்ற கோபம்: இவை எந்த முகாமிலும் நாம் கண்டவையே.

நாயைத் துணையாக்கும் எண்ணம் ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. 1944ஆம் ஆண்டில் நியூகினித் தீவின் காட்டில், ஒரு பதுங்குகுழியில், இரண்டு கிலோவும் நிறையாத ஒரு சின்னஞ்சிறு நாய் கண்டெடுக்கப்பட்டது. அதனை பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் வாங்கி ஸ்மோக்கி என்று பெயரிட்டார். அவர் டெங்குக் காய்ச்சலினால் வைத்தியசாலையில் கிடந்தபோது நண்பர்கள் நாயைக் கொண்டுவந்து காட்டினர். தாதியர் அதனைக் காயப்பட்ட ஏனையோரின் கட்டில்களுக்கும் எடுத்துச் சென்றனர். பேசாதிருந்தவர்கள் பேசினர். அதன் பின்னர் ஸ்மோக்கி வைத்தியசாலைகளுக்குச் செல்வது வழக்கமாயிற்று.

போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் கதையும் இத்தகையதே. எவருடனும் ஒட்டாத ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்னரே அழைத்து வந்துவிட்டனர். அறையில் அவரது நாய் ஜிங்கிள்ஸ் கிடந்தது. சிறுவன் வைத்தியரை விட்டுவிட்டு நாயுடன் பழகினான். நாய் வழியாக வைத்தியருடனும் பழகினான். 1960களின் தொடக்கத்தில் லெவின்சன் இதனை அறிஞர் கூட்டத்தில் எடுத்துக் கூறியபோது, வைத்தியக் கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

இன்று அந்நாடுகளில் இருவகை நாய்கள் உண்டு. ஒருவகை, பயிற்சி பெற்ற ஒருவருடன் வைத்தியசாலைக்கோ பாடசாலைக்கோ வந்து பலரைச் சந்தித்துவிட்டுப் போவது. மற்றையது, ஒரே மனிதருடன் எந்நேரமும் இருந்து குறித்த வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்டது. அது கெட்ட கனவில் புரளுபவரை எழுப்பும். வரிசையில் நிற்கும்போது பின்பக்கமாக நின்று, முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்ற அச்சத்தைக் குறைக்கும். மூச்சு வேகமாகும்போது மடியில் தலையை வைத்து நினைவை நிகழ்காலத்துக்கு இழுக்கும். 2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 156 முன்னாள் படையினர் பங்குபற்றினர். வழமையான சிகிச்சையுடன் இத்தகைய நாயும் கிடைத்தவர்களுக்கு, நாய்க்காகக் காத்திருந்தவர்களைவிட, மூன்று மாதங்களின் பின்னர் நோயின் கடுமையும் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்து காணப்பட்டன. வழமையான சிகிச்சையுடன் என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த நாய்கள் எவரையும் மருந்திலிருந்தோ வைத்தியரிடமிருந்தோ விடுவிக்கவில்லை.

நாய் ஏன் இதைச் செய்ய முடிகிறது? மனிதனும் அவன் வளர்க்கும் நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஒக்சிற்றோசின் என்ற சுரப்பு இருவரிடத்தும் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். எமது அனுபவத்தில் இதைவிட எளிய காரணமும் உண்டு. நாய் கேள்வி கேட்பதில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாய், எத்தனை பேரை இழந்தாய், ஏன் இன்னும் அழுகிறாய் என்று கேட்பதில்லை. காலையில் அதற்குச் சோறு வேண்டும். ஆகவே அதன் மனிதர் எழுந்திருக்க வேண்டும்.

ஆனால் பயிற்சி பெற்ற அத்தகைய ஒரு நாய்க்குப் பல்லாயிரம் டொலர் செலவாகும். அது எமக்கு எட்டாது. சென்னையில் புளூ குறொஸ் அமைப்பு, ஹொங்கொங்கில் 1991இல் தொடங்கிய ‘டொக்டர் நாய்’ என்னும் திட்டத்தைப் பின்பற்றி, சாந்தமான வீட்டு நாய்களைத் தெரிந்து, கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளிடம் கொண்டுசென்றது. உயர்சாதி நாய் அதற்குத் தேவைப்படவில்லை. குணம் பார்த்தே எடுத்தனர். இது எமக்கு நெருக்கமான வழி. குரைத்துப் பாயும் நாயோ, அடிபட்டுப் பயந்த நாயோ, பயந்த மனிதருக்குத் துணையாகாது.

எமது தவறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சீகிரியாக் கதையில் மயங்கி, மனைவியை இழந்து தனித்திருந்த ஒரு பெரியவரிடம் நாமே ஒரு குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கேட்கவில்லை, நாமே தீர்மானித்தோம். தடுப்பூசியும் போடவில்லை. மூன்றாம் வாரம் அது இரத்த வயிற்றோட்டத்தால் இறந்தது. அவரது துயரத்துடன் இன்னொரு சாவையும் சேர்த்துவிட்டு வந்தோம். அன்று தொட்டு, கேட்காதவருக்கு நாய் கொடுப்பதில்லை. கேட்பவரிடம் முதலில் கேட்பது, மிருக வைத்தியரிடம் யார் கொண்டுபோவார் என்பதையே. விசர்நாய்க்கடி நோயினால் 1973இல் இந்நாட்டில் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலேயே இத்தொகை இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. அந்நோய் வந்தால் இன்றும் பிழைப்பதரிது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்பூசி ஏற்றும் நாள் தெரியவரும். எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி ஏற்றிய நாயாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

உறக்கமில்லாதவர், சாக விரும்புவதாகச் சொல்பவர், வீட்டாரை அடிக்கும் அளவுக்குக் கோபப்படுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், நாயைத் தேட வேண்டாம். வைத்தியசாலையின் உளநலப் பிரிவைத் தேடுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். சீகிரியாவில் நாம் கண்டவரும் மாதந்தோறும் மருந்தெடுப்பவரே. அதை அவரே சொன்னார், சற்று வெட்கத்துடன்.

ஒரு விடயம் எம்மைத் தொடர்ந்து உறுத்துகின்றது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் எழுந்து நடந்தபோதும், பின்னர் வன்னியில் ஊர் ஊராக நடந்தபோதும், நாய்களைக் கட்டவிழ்த்துவிட்டு வந்தோம். சில, பின்னால் ஓடி வந்து சன நெரிசலில் தவறிப்போயின. மனிதரையே இழந்த இடத்தில் நாயைப் பற்றி அழுவது வெட்கமென்று எவரும் அதைப் பேசியதில்லை. முகாம்களில் நாம் இழப்புகளைப் பதிந்தபோது வீடு, காணி, மாடு, உழவு இயந்திரம் என்று நிரல்கள் இருந்தன. நாய்க்கு நிரல் இருக்கவில்லை. ஆனால் உளவளத்துணைக் கூட்டங்களில் வயது வந்த ஆண்கள் முதன்முதலில் குரல் தளர்வது பலமுறை இந்த இடத்திலேதான். தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியாவும் வானதூதரும் தூரப் பயணம் போகையில் நாயும் கூடப் போயிற்று என்ற ஒரு குறிப்பு உண்டு. கதைக்கு அந்த நாய் ஒன்றும் செய்வதில்லை. எழுதியவர் அதை விட்டுவிட மனம் கொள்ளவில்லை போலும்.

அன்று மாலை வெங்காயமும் பார்த்தோம். நாற்றுமேடையை எப்படி உயர்த்துவது, அறுவடைக்கு முன் எப்போது தண்ணீரை நிறுத்துவது, அறுத்ததை எப்படிக் காயவைத்து முடிந்து தொங்கவிடுவது என்று அவர் காட்ட, எமது ஆட்கள் கேள்விமேற் கேள்வி கேட்டனர். விதை விலையைச் சொல்லி இரு தரப்பும் அரசாங்கத்தைத் திட்டியபோது மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. தூரத்தே சீகிரியாக் குன்றின்மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தந்தையைக் கொன்று அரசேறிய காசியப்பன், நாடு திரும்பப்போகும் சகோதரனுக்கு அஞ்சி 18 ஆண்டுகள் அந்தக் கல்லின்மேல் வாழ்ந்தான் என்று வரலாறு. அவன் எப்படித் தூங்கினானோ!

நாம் வானுக்குத் திரும்பியபோது அந்தக் கறுப்பு நாய் கதவடியில் நின்றது. உள்ளே இருந்த தாய் மதியச் சோற்றுப் பொதியில் மிஞ்சியதை வாழையிலையோடு கீழே வைத்திருந்தார். வீட்டுக்காரர் சற்றுத் தள்ளியே நின்றார், கிட்ட வரவில்லை. அவரும் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தபடியே எம்மிடம், “சுவாமி, இதுக்கு என்ன பேராம்?” என்று கேட்டார்.

கேட்டுச் சொன்னோம்: கலுவா. கறுப்பன் என்று பொருள்.

“எங்கட வீட்டிலயும் ஒரு கறுப்பன் நிண்டவன். மகன்தான் பேர் வைச்சவன்” என்றார். வவுனியா தாண்டும்வரை வேறொன்றும் பேசவில்லை.