களம் கண்ட பொருளும் மெய்ம்மைச் சான்றும்

பேஸ்பால் அமெரிக்க மக்களின் உள்ளம் கவர்ந்த விளையாட்டு. புகழ்பெற்ற வீரர்கள் ஆட்டக்களத்தில் பயன்படுத்திய சட்டை, மட்டை, பந்து ஆகியவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பேணுவோர் அங்குப் பலர். 1998ஆம் ஆண்டில் மார்க் மெக்குவயர் அடித்த 70ஆவது 'ஹோம் ரன்' பந்து, மறு ஆண்டு ஏலத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் டாலருக்கு விலைபோனது. கடையில் கிடைக்கும் பந்தின் தோலுக்கும் தையலுக்கும் அதனுடையவற்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. அதன் மதிப்பு அதன் வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாறு மெய்யெனக் காட்டுவனவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

பயன்பாட்டுத் தடயம்

புதிய பந்தின் வழவழப்பு நீங்க, ஆட்டத்திற்கு முன்னர் நியூ ஜெர்சி ஆற்றுப்படுகைச் சேற்றைத் தேய்ப்பது அமெரிக்க முதன்மைப் போட்டிகளின் வழக்கம். எனவே, களம் கண்டதாகக் கூறப்படும் பந்து தூய வெண்மையாக இருப்பின் ஐயம் எழும். மட்டையில் பந்தின் தையல் பதிந்த வடுவும், பிடிமானத்திற்காகப் பூசிய பைன் மரத் தாரும் காணப்படும். பழஞ்சட்டையைப் புற ஊதாக் கதிரில் காணும்போது நூல் ஒளிர்ந்தால், அது பிற்கால நூலாக இருக்கலாம். பிற்காலச் சலவைத்தூளாலும் அவ்வொளிர்வு நேரலாம். கறையையும் கிழிசலையும் செயற்கையாக உண்டாக்கவும் இயலும். ஆதலின், தடயம் மட்டும் முடிவாகாது.

ஆவணம்

மட்டை செய்த தொழிற்சாலையின் பதிவேடு, அது எவ்வீரருக்கு, எந்நாளில், எவ்வளவு எடையில் அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும். சட்டைக்குப் பழைய ஒளிப்படங்கள் துணைநிற்கும். எழுத்துகள் தைக்கப்பட்ட இடம் சட்டைக்குச் சட்டை சிறிது மாறுபடும். அதனைப் படத்தோடு ஒப்பிடுவர். 1932ஆம் ஆண்டு உலகத் தொடரில் பேப் ரூத் அணிந்ததென இவ்வாறு முடிவுசெய்யப்பட்ட சட்டை, 2024இல் 2 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

கண்ணுற்ற சாட்சி

1990களின் இறுதியில், போலிக் கையொப்பமிட்டு விற்ற பெருங்கும்பல் ஒன்றை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. அதன்பின், 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தனக்கென ஒரு சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலும் காவல்துறைப் பணியறிவு உடைய சான்றளிப்போர் ஒவ்வோர் ஆட்டத்திலும் களத்தருகே இருப்பர். களத்திலிருந்து நேரே தம் கைக்கு வரும் பொருளில் எண் பொறித்த ஹோலோகிராம் வில்லையை ஒட்டி, அதன் விவரத்தைப் பதிவுசெய்வர். வில்லையை உரித்தால் அது சிதைந்துவிடும்.

பார்வையாளரிடையே விழுந்து கண்மறைந்த பந்துக்கு, அதனைக் கொணர்பவர் எத்துணை நேர்மையாளராயினும், பொதுவாக இச்சான்று கிட்டாது. ஆகவேதான், சாதனையை நெருங்கும் வீரருக்கென மறைகுறியிட்ட பந்துகளைப் பயன்படுத்துகின்றனர். மெக்குவயர் அடித்த பந்தும் அத்தகையதே.

போலிப்பொருள் வாங்குவோரின் பணத்தை மட்டுமன்றி, வீரரின் உழைப்பால் விளைந்த புகழையும் களவாடுகிறது. தடயமும் ஆவணமும் சாட்சியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே ஒரு பொருளின் வரலாறு நம்பத்தக்கதாகிறது.