பகலில் ஆளில்லாத வீட்டில் ஒரு பூனைக்குட்டி

பூனைக்குட்டி வீடு வந்து சேரும் நாள் பெரும்பாலும் சனிக்கிழமைதான். இரண்டு நாள் விடுமுறைக்குள் பழக்கிவிடலாம் என்பது கணக்கு. அந்த இரண்டு நாளையும் குட்டி கட்டிலுக்கு அடியிலேயே கழித்துவிடும். திங்கள் காலை எட்டரைக்கு அலுவலகப் பேருந்து. சென்னை நெரிசலில் நீந்தித் திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். கதவைப் பூட்டும்போதே, 'பாவம், நாள் முழுக்கத் தனியா என்ன பண்ணும்?' என்ற கவலையும் கூடக் கிளம்பிவிடும்.

இந்தக் கவலையில் பாதி வீண். மீதிப் பாதியைப் பட வேண்டிய இடம் வேறு.

தனிமை பூனையை என்ன செய்கிறது என்பதை ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மடில்டா எரிக்சனும் அவருடைய சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் நேரடியாகப் பார்த்தார்கள். 14 பூனைகளை அவற்றின் சொந்த வீட்டிலேயே ஒரு முறை அரை மணி நேரமும், இன்னொரு முறை நான்கு மணி நேரமும் தனியே விட்டுப் படம் பிடித்தார்கள். நான்கு மணி நேரத்துக்குப் பின் வளர்ப்பவர் திரும்பியபோது பூனைகள் கூடுதலாகக் குறுகுறுத்தன, கூடுதலாகச் சோம்பல் முறித்தன. ஆள் போன நேரத்துக்குப் பூனையிடம் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அது துயரம் என்று சொல்ல இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. நீண்ட பிரிவுக்குப் பின் மனிதர்களும் பூனையிடம் அதிகமாகப் பேசினார்கள் என்பதையும் அதே படங்கள் காட்டின.

பிரேசிலின் ஜுயிஸ் டி ஃபோரா பல்கலைக்கழகத்தார் 2020-இல் 130 பேரிடம் அவர்கள் வளர்க்கும் 223 பூனைகளைப் பற்றி விசாரித்தார்கள். ஆளில்லாத நேரத்தில் பொருள்களைக் கிழிப்பது, ஓயாமல் கத்துவது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது போன்ற பிரச்சினை ஏதாவது இருந்தவை 30 பூனைகள். விளையாட்டுப் பொருள் இல்லாத வீடுகளிலும் வேறு வளர்ப்பு விலங்கு இல்லாத வீடுகளிலும் இது கூடுதலாகத் தெரிந்தது. வளர்ப்பவர்கள் சொன்னதை மட்டுமே நம்பிய ஆய்வு என்பதால், எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நூறில் எண்பதுக்கும் மேற்பட்ட பூனைகள் தொல்லையில்லாமல் பகலைக் கழித்தன என்பது அலுவலகம் போகிறவர்களுக்கு ஆறுதலான செய்தி.

பூனையின் நாள் அமைந்திருக்கும் விதமும் இதற்குத் துணை. அது விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடப் பிறந்த உயிர். வளர்ந்த பூனையே நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். குட்டியோ இன்னும் அதிகம். அலுவலகம் போகிறவர் வீட்டில் இருக்கும் காலையும் மாலையும்தான் அது விழித்துத் திரியும் நேரமும்.

ஆனால் வயது என்று ஒன்று இருக்கிறது. பட வேண்டிய கவலை அங்கேதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ் 1980-களில் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கிப் பார்த்தார். மூன்றாவது வாரத்திலேயே மனிதக் கை பட்ட குட்டிகள், ஏழாவது வாரத்துக்குப் பிறகு பழக்கப்பட்டவற்றைவிட அதிக நேரம் மடியில் தங்கின. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர்களை ஏற்றுக்கொள்வதற்கான வாசல் திறந்திருக்கிறது என்ற முடிவு அவருடைய வேலையிலிருந்து வந்தது. 1995-இல் சாண்ட்ரா மெக்யூன் வெளியிட்ட ஆய்வு இதோடு வேடிக்கையான ஒன்றைச் சேர்த்தது. சாதுவான தந்தைக்குப் பிறந்த குட்டிகள் புது ஆளிடம் தயங்காமல் போயின. வளர்ப்பில் பங்கே எடுக்காத ஆண் பூனை, குணத்தில் பங்கு போட்டுவிடுகிறது.

அப்படியானால் ஐந்து வாரக் குட்டியைத் தூக்கி வந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கு ஃபின்லாந்திலிருந்து தடை வருகிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் மில்லா அஹோலாவும் ஹான்னஸ் லோஹியும் 5,726 பூனைகளின் விவரங்களை அலசி 2017-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை பிற்காலத்தில் முரட்டுத்தனம் காட்டுவது அதிகமாக இருந்தது. குறைந்தது பதினான்கு வாரமாவது தாயோடு விட வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவு. மாடிப்படிக்கு அடியிலோ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ தெருப்பூனை ஈன்ற குட்டிகள் இருந்தால், அவற்றை அங்கேயே விட்டு, தினமும் போய்க் கையில் எடுத்துப் பழக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவருவதை மூன்று மாதம் தள்ளிப்போடலாம். தாய் இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் 'அநாதைக் குட்டி' என்று அள்ளி வருவதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சில மணி நேரத்துக்கொரு முறை புட்டிப்பால் வேண்டும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முதல் வாரங்களில் அதற்குத் தெரியாது. தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூடக் கழிக்காது. பத்து மணி நேரம் வெளியே போகிறவர் அதை ஏற்கவே கூடாது. ஆள் இருக்கும் வீட்டில் ஒப்படைப்பதே நியாயம்.

மூன்று மாதக் குட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடு முழுவதையும் அதற்குத் திறந்துவிடுவது அன்பின் பெயரால் செய்யும் தவறு. முதல் வாரத்துக்கு ஓர் அறை போதும். மலசலம் கழிக்க மணல் நிரப்பிய லிட்டர் தொட்டி ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் அதற்கு எட்டத்தில், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. இந்த அட்டைப்பெட்டியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் கிளாடியா விங்கே குழுவினர், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாள்களிலேயே பதற்றம் தணிந்தன, மற்றவை பின்தங்கின. 2014-இல் வெளியான இந்த முடிவைப் பின்பற்ற ஆகும் செலவு, கூரியரில் வந்த பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது. குட்டியைப் பெட்டிக்குள்ளிருந்து இழுத்து எடுத்துக் கொஞ்சினால் பெட்டி வைத்த பயன் போய்விடும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், தானாக வந்து முகரும்.

குட்டி வருகிறதென்று ஃபினாயில் ஊற்றித் தரையைப் பளபளக்க வைக்கும் வீடுகள் உண்டு. நிறுத்த வேண்டிய முதல் வேலை அது. பூனை கன்னத்தைச் சுவரிலும் நாற்காலிக் காலிலும் தேய்ப்பது வீட்டில் தன் வாசனையைப் பூசி வைக்கத்தான். அதைத் துடைத்துக்கொண்டே இருந்தால் வீடு அதற்குப் பழகாது. அதைவிடப் பெரிய காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது.

மனிதர், நாய், எலி எல்லாருடைய கல்லீரலும் பல நச்சுப்பொருள்களோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்துச் சிறுநீரில் வெளியேற்றும். இந்த ஒட்டுவேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கு உரிய மரபணு, பூனையிடம் சிதைந்து செயலிழந்து கிடக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் இருவரும் காட்டினார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. சிங்கம், சிறுத்தை எனப் பூனைக் குடும்பம் முழுவதும் இதே கதை. இலை தழைகளில்தான் இந்த வகை நச்சுகள் மிகுதி. இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த பரம்பரைக்கு அந்த நொதி தேவைப்படாமல் போயிருக்க வேண்டும் என்பது விளக்கம். விளைவு என்னவென்றால், கறுப்பு ஃபினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போனால் ஆபத்து. காய்ச்சலடிக்கிறதே என்று கொடுக்கும் அரை மாத்திரை பாராசிட்டமால் குட்டியின் உயிரை எடுக்கும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தை மிச்சமிருக்கிறதே என்று பூனைக்குப் போட்டால் வலிப்பு வரும். ஆளில்லாத வீட்டில் இவை நடந்தால் மாலை வரை யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டிலும் இறைச்சி தின்ற பரம்பரையின் முத்திரைதான். பூனைக்கு இனிப்பே தெரியாது; அதற்கு வேண்டிய மரபணு பழுதாகிக் கிடப்பதை பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டார்கள். டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதுமான அளவு செய்துகொள்ளவும் முடியாது. அது குறைந்தால் பார்வை போகும் என்று 1970-களில் தெரிந்தது. இதயத் தசை தளரும் என்று கலிபோர்னியாவின் பால் பியான் 1987-இல் நிறுவினார். டாரின் கிடைப்பது மாமிசத்திலும் மீனிலும். தயிர்சாதத்தில் வளர்த்த பூனை என்று பெருமைப்படும் வீடுகளில், அந்தப் பூனை வெளியே எலியும் பல்லியும் பிடித்துக் கணக்கை நேர்செய்துகொண்டிருக்கும். அடுக்ககத்தில் அடைபட்ட குட்டிக்கு அந்த வழியும் இல்லை. பாலும் வேண்டாம், தாய்ப்பால் மறந்தபின் பாற்சர்க்கரை செரிப்பது குறைந்து வயிற்றைக் கலக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நாளில் மூன்று நான்கு வேளை தேவை. காலையும் இரவும் ஈரத் தீனி, பகலுக்கு உலர் தீனி என்று பிரித்துக்கொண்டால் சித்திரை வெயிலில் கெட்டுப்போகும் சிக்கல் இராது.

வெயில் என்றதும் ஏசியை ஓடவிட்டுப் போக வேண்டுமா என்ற கேள்வி வரும். ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை பூனையின் உடல் கூடுதல் சிரமம் இல்லாமல் தாங்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே, மூடிய அறை என்றால் மட்டும் காற்றுக்கு வழி செய்து, இரண்டு இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் அடுத்த அபாயம். நியூயார்க்கின் ஒரு விலங்கு மருத்துவமனைக்கு ஐந்தே மாதத்தில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன என்று 1987-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்ற தகவலும் அதில் உண்டு. பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று சிலர் நெஞ்சை நிமிர்த்துவது இதை வைத்துத்தான். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சென்னை அடுக்ககங்களில் பால்கனிக்கு அடிக்கும் புறா வலை இங்கே குட்டியையும் காக்கும். கிரில் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

மறைக்க வேண்டிய இன்னொன்று நூல். பூச்சரம் கட்டிய நூல், தையல் நூல், ரிப்பன். பூனையின் நாக்கில் இருக்கும் கொக்கிகள் தொண்டையை நோக்கி வளைந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். குடல் சுருக்குப்பை மாதிரி மடிந்துவிடும். அறுவை சிகிச்சைதான் கதி.

பகலில் கேமரா வழியாகக் குட்டியோடு பேசுவது இப்போது பலருக்கு வழக்கம். அதில் குட்டிக்கு என்ன லாபம் என்பது சந்தேகமே. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சாஹோ தகாகி குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரின் குரல் ஓரிடத்தில் கேட்டு, உடனே அவர் போயிருக்கவே முடியாத இன்னோர் இடத்தில் கேட்டபோது பூனைகள் திகைத்தன. குரலை வைத்து ஆள் எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளும் உயிர் அது. ஆளில்லாத கூடத்தில் குரல் மட்டும் கேட்பதைவிட, மாலையில் ஆளோடு இருக்கும் அரை மணி நேரம் மேல்.

அந்த அரை மணி நேரத்தில் குச்சியில் கட்டிய இறகை ஆட்டி ஓடவிட வேண்டும். கையையே விளையாட்டுப் பொருளாக்கினால் நான்கு மாதம் கழித்துக் கீறல்களை எண்ணிக்கொண்டிருக்க நேரும். சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹாலும் ஜான் பிராட்ஷாவும் செய்த சோதனைகளில், ஒரே பொருளில் பூனைகளுக்குச் சீக்கிரம் சலிப்புத் தட்டியது. பொருளைச் சற்றே மாற்றியதும் வேட்டை மீண்டும் சூடுபிடித்தது. வயிறு காலியாக இருந்தபோது ஆட்டமும் தீவிரம். ஆக, பத்துப் பொம்மையைப் பரப்பி வைப்பதைவிட இரண்டிரண்டாக மாற்றி எடுப்பதும், ஆட்டம் முடிந்தபின் சாப்பாடு வைப்பதும் நல்லது. ஓடி, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்கு என்பதே பூனையின் இயல்பான வரிசை. இரவு பத்துக்கு இதை முடித்தால் விடிகாலை நான்குக்குக் கால்விரலைக் கடிப்பது குறையும். அப்படியும் கடித்தால் எழுந்துபோய்த் தீனி போடக் கூடாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் மூன்றரைக்கே எழுப்பும்.

இரண்டு குட்டியாக எடுத்துவிடலாமா என்றால், வசதி இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனை. குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரளும் ஆட்டம் மூன்றாம் மாதத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறந்ததின் அலறலில் கற்றுக்கொள்ளும்; மனிதக் கை தப்பும். தடுப்பூசி, தீனி, லிட்டர் எல்லாம் இரட்டிப்புச் செலவு. ஆணும் பெண்ணுமாக எடுத்தால் ஐந்தாம் மாதத்துக்குள் கருத்தடை அறுவைக்குக் கால்நடை மருத்துவரிடம் நாள் வாங்கிவிட வேண்டும். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடும். அண்ணன் தங்கை என்ற முறையெல்லாம் பூனைகளிடம் செல்லாது.