மரம் வெட்டக் கூடாத ஆட்டம்

வீடியோ கேமில் பிள்ளைகள் தேடி அலையும் காடும் சதுப்பும் தில்லிக்குள்ளேயே இருக்கின்றன. என்ன, இந்த உலகம் அழிந்தால் அடுத்தது கிடைக்காது.

ஆட்டத்தில் முதல் வேலையே மரம் வெட்டுவதுதான். கோடாரிகூடக் கிடையாது, வெறும் கையால் அடித்தே கட்டையைப் பெயர்க்க வேண்டும். கட்டையிலிருந்து பலகை, பலகையிலிருந்து மேஜை, மேஜை மேல் கருவிகள். பொழுது சாய்வதற்குள் நான்கு சுவர் எழுப்பாவிட்டால், இருட்டில் நடமாடும் பிணங்கள் ஆளைத் தீர்த்துவிடும். 2009-ல் ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் வெளியிட்ட மைன்கிராஃப்ட், 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய விலை 250 கோடி டாலர்.

முதல் இரவைத் தாண்டியவனை அடுத்து இழுப்பது நிலம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை 6 கோடிக் கட்டங்கள். வேலமரப் புல்வெளி முடிந்தால் பாலை. அதைத் தாண்டினால் மழைக்காடு, சதுப்பு, பனிமலை. வெப்பம், ஈரப்பதம் போன்ற அளவுகளை வைத்து எந்த இடத்தில் எது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. இந்த நிலத் துண்டுகளுக்கு 'பயோம்' என்று பெயர். திணை பிரித்துப் பழகிய தமிழருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2021-ல் வந்த வால்ஹைம் என்ற இன்னொரு ஸ்வீடன் தயாரிப்பு இன்னும் கறார். கருங்காட்டில் வெண்கலம் செய்யக் கற்காதவன் சதுப்பில் கால் வைத்தால் பிழைப்பது கஷ்டம்.

எல்லா வரைபடமும் ஒரு 'விதை' எண்ணிலிருந்து முளைக்கிறது. உலகம் பிடிக்கவில்லையா? வேறு எண்ணைப் போட்டால் வேறு உலகம்.

ஒரு காலத்தில் இத்தகைய ஆட்டங்களுக்காக தில்லிவாசிகள் பாலிகா பஜாரில் சி.டி. தேடி இறங்க வேண்டியிருந்தது. இப்போது ஃபோனே போதும். அதைப் பிடித்தபடி அடுக்குமாடி வீட்டில் பாலையும் சதுப்பும் சுற்றும் பிள்ளைக்கு, மெட்ரோ போகும் தூரத்தில் நிஜப் பயோம்கள் இருப்பது பெரும்பாலும் தெரியாது. பெற்றோருக்கும்தான்.

தெரிந்திருந்தவர்கள் பழைய காலத்து மக்களும் வருவாய்க் கணக்கு எழுதியவர்களும். தில்லி நிலத்தை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். ஆரவல்லி மலைத்தொடர் வந்து முடியும் பாறை மேடு கோஹி. யமுனை வெள்ளம் ஏறி இறங்கும் புது வண்டல் காதர். வெள்ளம் எட்டாத பழைய வண்டல் மேடு பாங்கர். நஜஃப்கர் பக்கம் மழைநீர் தேங்கும் பள்ளம் டாபர். பாங்கரில் பெரும்பாலும் கட்டடங்கள் முளைத்துவிட்டன. டாபரில் இருந்த பெரிய ஏரியை வடிகால் வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். 'மதன்பூர் காதர்' போன்ற ஊர்ப் பெயர்களில் மட்டும் பழைய வரைபடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோஹி என்பது இன்றைய ரிட்ஜ். வனத்துறைக் கணக்கில் 7,777 ஹெக்டேர். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்கு ரிட்ஜ் வெறும் 87 ஹெக்டேர். தெற்கு ரிட்ஜ் 6,200. பச்சையாகத் தெரிகிறதே என்று அருகில் போனால் தமிழ்நாட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போடும்: கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்தைப் பிடித்த அதே மரம்தான். இங்கே அதன் பெயர் விலாயதி கீகர். புது தில்லியை எழுப்பிய ஆங்கிலேயர்கள் வறண்ட பாறையைச் சீக்கிரம் பச்சையாக்க விதைத்தது. வெக்காலியின் உறவான தௌ, வெள்வேல், புரசு ஆகிய மண்ணின் மரங்கள் ஒதுங்கிப்போயின. வசந்த் விஹார் அருகே ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் கீகரைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஒரே நாளில் வெட்டித் தள்ளினால் வெறும் பாறைதான் மிஞ்சும்.

தெற்கே அசோலா பட்டி சரணாலயத்தில் கதை வேறு. பதர்பூர் மணலுக்காகத் தோண்டிய பள்ளங்கள் 1990-களின் தொடக்கத்தில் சுரங்க வேலை நின்ற பிறகு நீல ஏரிகளாக மாறின. சமீப ஆண்டுகளில் தானியங்கிக் கேமராக்களில் சிறுத்தைகள் சிக்குகின்றன. நாட்டின் தலைநகரத்தில்!

சிறுத்தை காதரையும் விட்டுவைக்கவில்லை. வஜீராபாத்துக்கு வடக்கே ஜகத்பூர் கிராமத்தை ஒட்டி 457 ஏக்கர் யமுனா பல்லுயிர்ப் பூங்கா. உப்புப் பூத்துப் பயிர் ஏறாமல் கிடந்த நிலத்தில், தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு தில்லி வளர்ச்சி ஆணையத்துடன் சேர்ந்து சதுப்பு நிலத்தையும் யமுனை வடிநிலத்தின் பல காட்டு வகைகளையும் புதிதாக உருவாக்கியது. ஒரு பயோமிலிருந்து அடுத்ததற்கு இங்கே நடந்தே போகலாம். குளிர்காலத்தில் வலசை வாத்துகள் வந்து இறங்குகின்றன. 2016 நவம்பரில் வந்தது சிறுத்தை. உணவுச் சங்கிலி முழுமையடைந்ததன் அடையாளம் என்று விஞ்ஞானிகளுக்கு மகிழ்ச்சி. வயலுக்குப் போக வேண்டிய கிராமத்தாருக்குக் கிலி. இரண்டிலும் நியாயம் உண்டு. டிசம்பரில் கூண்டில் அகப்பட்ட சிறுத்தையை சஹாரன்பூர் பக்கம் சிவாலிக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆட்டத்தில் முதல் வேலையான மரம் வெட்டுவது தில்லியில் குற்றம். 1994-ன் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ரிட்ஜ் என்றால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும். ஆனாலும் 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில், துணை ராணுவப் படைகளுக்கான மருத்துவமனைக்குச் சாலை போட நீதிமன்ற அனுமதி இல்லாமலே நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2025 மே மாதம் தில்லி வளர்ச்சி ஆணைய அதிகாரிகள் அவமதிப்புக் குற்றம் செய்ததாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம், யமுனைக் கரையில் காடு வளர்த்த அதே ஆணையம்தான்.

வரைபடத்தை நதி மறக்கவில்லை. 2023 ஜூலை 13-ல் யமுனை 208.66 மீட்டர் உயர்ந்து, 1978-ன் 207.49 மீட்டர் சாதனையை முறியடித்தது. ரிங் ரோடு மூழ்கியது. செங்கோட்டைச் சுவர்வரை தண்ணீர் வந்து நின்றது. தன் பழைய காதரைத்தான் யமுனை திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே குத்தகைக்குக் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள், தமிழர்கள் நிறைய வசிக்கும் மயூர் விஹாரின் சாலையோரங்களில் எருமை மாடுகளோடு கூடாரம் போட்டன. தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போய், வண்டல் படிந்த வயலில் மறுபடி விதைத்தன.